பயோமெக்கானிக்ஸும் நானோ பாய்மச் சிமுலேஷனும்: புதிதாக வருபவர் எதை, எந்த வரிசையில் செய்வது?

என் முதல் நானோ குழாய்ச் சிமுலேஷனில் தண்ணீர், ஓட வேண்டியதைவிட மூன்று மடங்கு வேகமாக ஓடியது. சுவரில் சறுக்குகிறது என்று நினைத்துக்கொண்டேன். வரைபடம் போட்டேன், கட்டுரை எழுதினேன், மேடையேறிப் பேசவும் செய்தேன். ஏழு மாதம் கழித்து ஒரு மதிப்பாய்வாளர் ஒரே வரியில் கேட்டார்: "நீங்கள் எடுத்துக்கொண்ட தண்ணீர் மாதிரியின் பாகுநிலை எவ்வளவு?" பாகுநிலை என்பது ஒரு திரவம் ஓட்டத்தை எவ்வளவு எதிர்க்கிறது என்பதன் அளவு. அன்று இரவே கணக்கிட்டுப் பார்த்தேன். நிஜத் தண்ணீரின் பாகுநிலையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. பாகுநிலை மூன்றில் ஒன்றானால் ஓட்டம் மூன்று மடங்காகும். நான் கண்டுபிடித்த சறுக்கல் முழுக்க அதுதான்.

இயந்திரவியல் படித்துவிட்டு, மூட்டு, எலும்பு, குருத்தெலும்பு என்று பயோமெக்கானிக்ஸில் தொடங்கி, அங்கிருந்து நானோ அளவிலான பாய்மச் சிமுலேஷனுக்கு வந்தவன் நான். இரண்டுக்கும் நடுவே கால் வைத்து நிற்பவர்கள் அதிகமில்லை. அதனால் வழி சொல்ல ஆளும் குறைவு. யாராவது இதை எனக்கு முதல் நாளே எழுதிக் கொடுத்திருந்தால் ஒன்றரை வருடம் மிச்சமாகியிருக்கும். சமன்பாடுகளை எங்கே வேண்டுமானாலும் படித்துக்கொள்ளலாம். இங்கே சொல்லப்போவது வேலையின் வரிசை, கையில் இருக்க வேண்டிய ஆவணங்கள், ஆகும் செலவு, பிடிக்கும் காலம்.

1. கேள்வியின் அளவைத் தீர்மானியுங்கள், மென்பொருள் பிறகு

புதிதாக வருபவர் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் "எந்த மென்பொருள் கற்றுக்கொள்ளட்டும்?" என்பதுதான். அதற்கு முன், உங்கள் கேள்வி எத்தனை மீட்டரில் வாழ்கிறது என்று எழுதுங்கள்.

ஒருவர் நடக்கும்போது முழங்கால் தசை எவ்வளவு விசை தருகிறது என்பது மீட்டர் அளவுக் கேள்வி, ஓப்பன்சிம் போதும். அந்த முழங்காலின் குருத்தெலும்பு எப்படி அமுங்குகிறது என்பது மில்லிமீட்டர். அதற்குப் பொருளைச் சிறு துண்டுகளாகப் பிரித்துக் கணக்கிடும் ஃபைனைட் எலிமென்ட் முறை, உதாரணமாக ஃபீபயோ. குறுகிய ரத்தக்குழாயில் ஓட்டம் என்றால் ஓப்பன்ஃபோம் போன்ற பாய்மக் கணிப்பு மென்பொருள். சில நானோமீட்டர் துளைக்குள் தண்ணீர் மூலக்கூறுகள் எப்படிப் போகின்றன என்றால்தான் ஒவ்வோர் அணுவின் நகர்வையும் கணக்கிடும் மூலக்கூறு இயக்கவியல்: லாம்ப்ஸ், க்ரோமாக்ஸ்.

பலர் விழும் பள்ளம் இங்கே இருக்கிறது. "நானோ" என்ற சொல் வந்தாலே மூலக்கூறு இயக்கவியல் தேவை என்று நினைத்துவிடுகிறோம். தண்ணீர் மூலக்கூறு ஒன்று சுமார் 0.3 நானோமீட்டர்தான். திரவத் தண்ணீரை மூலக்கூறுகளாகப் பிரிக்காமல் தொடர் ஊடகமாகப் பாவிக்கும் பாய்மச் சமன்பாடுகள் ஏறக்குறைய 1 நானோமீட்டர் வரை தாக்குப்பிடிக்கின்றன. உங்கள் வாய்க்கால் 20 நானோமீட்டர் என்றால், பழைய சமன்பாட்டோடு சுவரில் ஒரு சறுக்கு நீளத்தை (சுவரை ஒட்டிய திரவம் எவ்வளவு சறுக்குகிறது என்பதன் அளவு) சேர்த்தாலே பெரும்பாலான விடைகள் வந்துவிடும். மடிக்கணினியில் நிமிடங்களில் முடியும் வேலை. வாயு என்றால் கதை வேறு: சாதாரண அழுத்தத்தில் காற்று மூலக்கூறு அடுத்த மோதலுக்கு முன் சராசரியாக 70 நானோமீட்டர் அளவு போகிறது. ஆகவே 70 நானோமீட்டர் வாய்க்காலிலேயே தொடர் ஊடகக் கணக்கு வாயுவுக்குப் பொய்த்துவிடும்.

இரண்டு துறையையும் சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஆசைப்படுபவர்களுக்கு ஒன்று. ஒட்டுப்போட்டுச் சேர்க்காதீர்கள், இயல்பாகவே சேரும் இடங்கள் உண்டு. குருத்தெலும்பின் எடையில் 70 முதல் 80 சதவீதம் தண்ணீர். அந்தத் தண்ணீர் வெளியேற வேண்டிய துளைகள் நானோமீட்டர் கணக்கில் இருக்கின்றன. மூட்டு ஏன் மெதுவாக அமுங்குகிறது என்ற மில்லிமீட்டர் கேள்விக்கு விடை அந்தத் துளைகளில் கிடக்கிறது. செல் சவ்வில் தண்ணீர் கடக்கும் அக்வாபோரின் புரதம் இன்னொன்று. இப்படி ஒரு கேள்வியைப் பிடித்துவிட்டால், பின்னால் நேர்காணலில் "ஏன் துறை மாறினீர்கள்?" என்று கேட்கும்போது விழிக்க வேண்டாம்.

2. நெறியாளரைத் தேர்ந்தெடுப்பது

முனைவர் பட்ட ஆய்வில் சேர விரும்பும் நாளுக்குப் பத்து மாதம் முன்பே தொடங்குங்கள். தயாராக இருக்க வேண்டியவை: மதிப்பெண் பட்டியல், இரண்டு பக்கத் தன்விவரம், ஒரு பக்க ஆய்வு நோக்கம், பரிந்துரைக் கடிதம் தர ஒப்புக்கொண்ட மூன்று பேரின் பெயர்கள், நீங்கள் எழுதிய ஏதாவது ஒன்று. முதுநிலைப் பட்ட ஆய்வேட்டின் ஓர் அத்தியாயம் போதும். மொழித்தேர்வு தேவைப்படும் இடங்களில் அதன் மதிப்பெண்ணுக்குக் காலாவதி உண்டு. ரொம்ப முன்னால் எழுதிவிட்டு விண்ணப்பிக்கும்போது செல்லாமல் போவதைப் பார்த்திருக்கிறேன். விண்ணப்பக் கட்டணத் தள்ளுபடி இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தாலும் பல இடங்களில் கேட்டவருக்குத்தான் கொடுப்பார்கள்.

மின்னஞ்சலில் உங்கள் வாழ்க்கை வரலாறு வேண்டாம். அவருடைய சமீபத்திய கட்டுரை ஒன்றில் உங்களுக்கு வந்த உண்மையான சந்தேகம் ஒன்றை இரண்டு வரியில் எழுதுங்கள். சந்தேகம் வரவில்லை என்றால் கட்டுரையைப் படிக்கவில்லை என்று பொருள்.

அவர் பதில் எழுதி, பேச நேரம் கொடுத்தால் தயங்காமல் கேட்க வேண்டியவை: குழுவுக்கென்று கணிப்பொறி நேர ஒதுக்கீடு இருக்கிறதா, அது எப்போது முடிகிறது? உதவித்தொகை எத்தனை வருடத்துக்கு உறுதி? கட்டுரை வெளியீட்டுக் கட்டணம் யார் தருவார்? கடைசியாக முடித்த இரண்டு மாணவர்களுக்கு எத்தனை வருடம் ஆனது? அன்றாடம் ரன் போடும், அதாவது சிமுலேஷனை ஓட்டும், மூத்த மாணவர் யார், அவர் இன்னும் எத்தனை மாதம் இருப்பார்? கடைசிக் கேள்விதான் முக்கியம். இந்தத் துறையில் தொழில் கையிலிருந்து கைக்குத்தான் போகிறது. நான் சேர்ந்த இரண்டாவது மாதமே மூத்தவர் கிளம்பிவிட்டார். அவருடைய உள்ளீட்டுக் கோப்பை என்னவென்றே புரியாமல் எடுத்து ஓட்டியதில் வந்ததுதான் முதல் பத்தியில் சொன்ன ஏழு மாதம்.

இரண்டு துறைக்கு இரண்டு நெறியாளர் என்ற ஏற்பாடு காகிதத்தில் அழகாக இருக்கும். நடைமுறையில் ஒருவர் எலும்பு பற்றி வாராந்தர அறிக்கை கேட்பார், மற்றவர் தண்ணீர் பற்றிக் கேட்பார். உங்களுக்கு வாரம் பதினான்கு நாள் வேண்டியிருக்கும். ஒப்புக்கொள்வதாக இருந்தால், முதன்மை நெறியாளர் யார், முதல் கட்டுரை யாருடைய கேள்வி என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

3. ஒப்புதல்களும் உரிமங்களும்

மனிதர்களிடமிருந்து எந்தத் தரவு எடுத்தாலும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் முதலில் வேண்டும். நடை அளவீடு, ஸ்கேன் படம், அறுவையில் எடுத்த திசு, எல்லாமே அடக்கம். தரவு எடுத்த பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்பது கிடையாது. அப்படிச் செய்தால் அந்தத் தரவையே வெளியிட முடியாமல் போகலாம். குழுக்கள் குறிப்பிட்ட நாளில்தான் கூடும், திருத்தம் கேட்டுத் திருப்பி அனுப்புவதும் சகஜம். ஆகவே சேர்ந்த முதல் மாதமே விண்ணப்பியுங்கள். ஆய்வுத் திட்டம், பங்கேற்பவருக்கான விளக்கத் தாள், சம்மதப் படிவம், தரவை எங்கே எத்தனை வருடம் வைப்பீர்கள் என்ற குறிப்பு: இந்த நான்கும் இல்லாமல் போகாதீர்கள்.

மருத்துவர் நண்பர் ஒருவர் ஸ்கேன் படங்களைத் தருகிறேன் என்பார். வாங்குவதற்கு முன் இரண்டு விஷயம். நோயாளியின் சம்மதம் ஆய்வுப் பயன்பாட்டையும் உள்ளடக்கியதா? கோப்பின் தலைப்புப் பகுதியில் நோயாளியின் பெயர், பிறந்த நாள் இருக்கும். கோப்பின் பெயரை மாற்றினால் அவை போகாது. அவர் தரப்பிலேயே நீக்கித் தரச் சொல்லுங்கள்.

மென்பொருளுக்கு ஆரம்பத்தில் காசு செலவழிக்கத் தேவையில்லை. லாம்ப்ஸ், க்ரோமாக்ஸ், ஓப்பன்ஃபோம், ஃபீபயோ, ஓப்பன்சிம் எல்லாம் திறந்த மூல மென்பொருள்கள். படமாகப் பார்க்க விஎம்டி, ஓவிட்டோ. வணிக மென்பொருளின் மாணவர் பதிப்பில் மெஷ் (கணக்குக்காகப் பிரிக்கும் கட்ட வலை) அளவுக்கு உச்சவரம்பு இருக்கக்கூடும்; வேலை பாதி தூரம் போன பிறகுதான் அது கண்ணில் படும்.

4. முதல் மூன்று மாதம்: வெறும் தண்ணீர்ப் பெட்டி

இந்தப் படியைத் தாண்டிப் போகத் தோன்றும். குழாயும் புரதமும் இல்லாத வெறும் தண்ணீரில் என்ன இருக்கிறது என்று எனக்கும் தோன்றியது.

பக்கத்துக்கு 3 நானோமீட்டர் உள்ள ஒரு கனசதுரப் பெட்டி எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கன நானோமீட்டரில் சுமார் 33 தண்ணீர் மூலக்கூறுகள், ஆக மொத்தம் 900. ஒரு காலடி, அதாவது கணக்கு ஒவ்வொரு முறை முன்நகரும் நேரம், 2 ஃபெம்டோ விநாடி. அப்படியானால் ஒரு நானோ விநாடிக்கு 5 லட்சம் காலடிகள். பெட்டி சின்னதாக இருப்பதால் சாதாரணக் கணினியிலேயே ஓடும். இதில் மூன்று எண்களைக் கண்டுபிடியுங்கள்: அடர்த்தி, விரவல் எண் (மூலக்கூறுகள் எவ்வளவு விரைவாகப் பரவுகின்றன என்பது), பாகுநிலை. 25 டிகிரி செல்சியஸில் நிஜத் தண்ணீருக்கு விரவல் எண் நொடிக்கு 2.3 × 10⁻⁹ சதுர மீட்டர், பாகுநிலை 0.89 மில்லிபாஸ்கல் நொடி.

இப்போது மாதிரிகளை ஒப்பிடுங்கள். டிப்-3பி என்ற மாதிரி பாகுநிலையை 0.3-ஐ ஒட்டித் தரும். விரவல் எண் நிஜத்தைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் போய்விடும். எஸ்பிசி/ஈ மாதிரி 0.7-ஐ ஒட்டி வரும். டிப்-4பி/2005 மாதிரி 0.85 பக்கம், மூன்றில் மிக நெருக்கம். அப்படியென்றால் டிப்-3பி-யை யார் பயன்படுத்துகிறார்கள்? புரதச் சிமுலேஷன் செய்பவர்கள் நிறையப் பேர். புகழ்பெற்ற புரத விசைப்புலங்கள் (அணுக்களுக்கிடையே உள்ள விசைகளைத் தரும் சூத்திரத் தொகுப்புகள்) அந்தத் தண்ணீரோடு சேர்த்தே சீர்செய்யப்பட்டவை. தண்ணீரை மட்டும் மாற்றினால் புரதத்தின் நடத்தை கெடலாம். அவர்கள் செய்வதில் காரணம் இருக்கிறது. உயிரியல் பக்கத்திலிருந்து வரும் நம்மைப் போன்றவர்கள் அதே கோப்பைத் தூக்கிக்கொண்டு வந்து பாய்ம ஓட்டத்தை அளக்கும்போதுதான் கோளாறு. எந்தத் தண்ணீர் எடுத்தாலும் எடுங்கள். ஆனால் அதன் பாகுநிலையை நீங்களே அளந்து, அந்த எண்ணை வைத்தே ஓட்டத்தை ஒப்பிடுங்கள்.

விரவல் எண்ணில் இன்னொரு சங்கதி. சிறிய பெட்டியில் அது குறைவாகவே வரும், ஏனென்றால் அதே பெட்டி எல்லாப் பக்கமும் திரும்பத் திரும்ப அடுக்கியிருப்பதாகக் கணக்கிடுவதால், அது தன் பிம்பங்களோடு தானே உரசிக்கொள்கிறது. இதற்கு யே, ஹம்மர் இருவரும் 2004-ல் தந்த திருத்தச் சூத்திரம் உண்டு. 3 நானோமீட்டர் பெட்டிக்குத் திருத்தம் சுமார் 10 சதவீதம். தெரியாவிட்டால் உங்கள் எண் தவறு என்று நினைத்து இரண்டு வாரம் தேடுவீர்கள்.

பாகுநிலை அளப்பது மூன்றிலும் பொறுமையைச் சோதிக்கும். அழுத்தத்தின் ஏற்ற இறக்கத்தைத் தொகையிட்டு எடுக்கும் கிரீன்-குபோ முறையில் ஒரே ரன்னில் வரும் எண்ணை நம்பவே கூடாது. வெவ்வேறு தொடக்க வேகங்களோடு பத்து ரன்னாவது போட்டு, சராசரியும் பிழை எல்லையும் எடுங்கள். ஆரம்பத்திலேயே பிழைக்கோடு போட்டுப் பழகியவர் பின்னால் பிழைக்கோடு இல்லாத வரைபடத்தைப் பார்த்தால் நெளிவார். அந்த நெளிச்சல் வர வேண்டும்.

அலகுகளில் கவனம். லாம்ப்ஸில் அலகு முறை பல உண்டு. ஒன்றில் காலம் ஃபெம்டோ விநாடி, இன்னொன்றில் பிகோ விநாடி. பிகோ விநாடி முறையில் காலடியை 2 என்று எழுதினால் அணுக்கள் வெடித்துச் சிதறி உடனே தெரிந்துவிடும். அது நல்ல பிழை. ஃபெம்டோ விநாடி முறையில் 0.001 என்று எழுதினால் எந்தப் புகாரும் வராது. மூன்று நாள் சமர்த்தாக ஓடும். எதுவும் நகர்ந்திருக்காது. எலும்பு பக்கத்திலும் இதே கதைதான்: பல ஃபைனைட் எலிமென்ட் மென்பொருளுக்கு அலகே தெரியாது. நீளம் மில்லிமீட்டர், விசை நியூட்டன் என்றால் தகைவு மெகாபாஸ்கலில் வரும்; கெட்டி எலும்பின் யங் குணகத்தை (விறைப்பின் அளவு) 17 கிகாபாஸ்கல் என்று எடுத்தால் 17,000 என்று கொடுக்க வேண்டும். 17 என்று கொடுத்தால் எலும்பு ரப்பராகிவிடும். திரையில் படம் அப்போதும் அழகாகத்தான் இருக்கும்.

5. குழாய்க்குள் ஓட்டிப் பார்ப்பது

தண்ணீர்ப் பெட்டி சரியான பிறகு சுவர் வையுங்கள். இங்கே பள்ளங்கள் வரிசையாக இருக்கின்றன.

அறை வெப்பநிலையில் ஒரு தண்ணீர் மூலக்கூறு எந்த ஒரு திசையிலும் நொடிக்கு சுமார் 370 மீட்டர் வேகத்தில் முன்னும் பின்னும் துடிக்கிறது. ஆய்வகத்தில் நுண்வாய்க்காலில் ஓடும் வேகம் நொடிக்கு ஒரு மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மில்லிமீட்டரை இந்தத் துடிப்புக்குள் சில நானோ விநாடியில் தேடினால் கிடைக்காது. திருவிழாக் கூட்டத்தில் கொசுவின் ரீங்காரத்தைக் கேட்பது போல. அதனால் எல்லோரும் பெரிய விசை கொடுத்து நொடிக்குப் பத்து, நூறு மீட்டர் வேகத்தில் ஓட்டுகிறார்கள். ஓட்டலாம். ஆனால் விசையைப் பாதியாக்கினால் ஓட்டமும் பாதியாகிறதா என்று பார்க்க வேண்டும். ஆகவில்லை என்றால் உங்கள் எண் அந்த விசைக்கு மட்டுமே சொந்தம். நிஜ உலகத்துக்குக் கொண்டுபோக முடியாது. குறைந்தது மூன்று விசை மதிப்புகள், இது பேரம் பேச முடியாத விஷயம்.

இவ்வளவு வேகத்தில் ஓடினால் உராய்வில் சூடாகும். சூட்டை எடுக்கத் தெர்மோஸ்டாட் போடுவோம், அதாவது வெப்பநிலை ஏறாதபடி மூலக்கூறுகளின் வேகத்தைச் சரிசெய்யும் கணக்கு. அது ஓட்டத்தின் வேகத்தையும் வெப்பம் என்றே எண்ணி அடக்கிவிட்டால் ஓட்டம் பொய்யாகக் குறையும். ஓட்டத் திசையை விட்டுவிட்டு மற்ற திசைகளில் மட்டும் போடுங்கள். அல்லது சுவர் அணுக்களை அசையவிட்டு அவற்றின் வழியாகச் சூட்டை எடுங்கள், நிஜத்தில் நடப்பதும் அதுதான். சுவரை உறைய வைத்துவிட்டால் கணிப்பு நேரம் மிச்சம்தான், ஆனால் சறுக்கல் மாறுகிறதா என்று ஒரு முறையாவது ஒப்பிட்டுக் காட்ட வேண்டும்.

அடுத்தது குழாயின் ஆரம். கேலிக்கூத்தாகத் தோன்றும், ஆனால் கட்டுரைகளுக்கு இடையே எண்கள் ஒத்துப்போகாததற்கு இதுவும் ஒரு காரணம். கார்பன் நானோ குழாயில் ஆரம் என்பது கார்பன் அணுவின் மையம் வரையா, தண்ணீர் நிஜமாக எட்டும் இடம் வரையா? இரண்டுக்கும் 0.17 நானோமீட்டர் வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். குழாயில் சறுக்கல் இல்லாத ஓட்டம் ஆரத்தின் நான்காம் அடுக்கில் போகும். 1 நானோமீட்டரை 0.83 என்று மாற்றினாலே ஒப்பீட்டு ஓட்டம் பாதிக்கும் கீழே வந்துவிடும். எதை ஆரம் என்று எடுத்தீர்கள் என்பதை ஒரு படத்தோடு எழுதுங்கள்.

சறுக்கு நீளத்தை வேக வரைபடத்தின் சாய்விலிருந்து எடுப்பது பாடப்புத்தக முறை. கார்பன் குழாயில் அது காலை வாரிவிடும். குழாயின் குறுக்கே வேகம் ஏறக்குறைய தட்டையாகவே இருக்கும். சாய்வு பூச்சியத்தை ஒட்டி இருக்கும்போது அதால் வகுத்தால் எந்த எண்ணும் வரும். மொத்த ஓட்டத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள். ஓட்டப் பெருக்கம் (சறுக்கல் இல்லாத ஓட்டத்தைப் போல் எத்தனை மடங்கு) என்பது 1-உடன், சறுக்கு நீளத்தை விட்டத்தால் வகுத்து எட்டால் பெருக்கியதைக் கூட்டினால் வருவது. விட்டம் 2, சறுக்கு நீளம் 50 நானோமீட்டர் என்றால் பெருக்கம் 201.

இலக்கியத்தில் எதோடு ஒப்பிடுவது என்று கேட்பீர்கள். 2005-ல் வெளியான ஓர் அளவீடு சறுக்கல் இல்லாத கணக்கைவிட நான்கைந்து பத்தின் அடுக்கு, அதாவது பத்தாயிரம் முதல் லட்சம் மடங்கு, வேகம் என்றது. 2006-ல் 2 நானோமீட்டருக்குக் குறைவான குழாய்ச் சவ்வில் மூன்று அடுக்கு, அதற்கு மேல் என்று வந்தது. 2016-ல் தனித்தனிக் குழாயில் அளந்தபோது, கார்பனில் சறுக்கல் ஆரத்தைப் பொறுத்து மாறுவதும், போரான் நைட்ரைடில் சறுக்கலே தென்படாததும் தெரிந்தது. ஆகவே யாரோ ஒருவரின் எண்ணோடு உங்கள் எண் பொருந்திவிட்டது என்பதால் மட்டும் அது சரியாகிவிடாது. என்னுடைய மூன்று மடங்குகூட ஏதோ ஒரு கட்டுரையோடு பொருந்தத்தான் செய்தது.

6. கணிப்பொறி நேரம்: நிஜமான செலவு இதுதான்

இந்தத் தொழிலில் பணம் என்பது கோர்-மணி, ஜிபியு-மணி: ஒரு செயலிக் கோரோ ஒரு வரைகலைச் செயலியோ (ஜிபியு) ஒரு மணி நேரம் ஓடுவது. பட்ஜெட் போடாமல் இறங்காதீர்கள்.

முதலில் உங்கள் பெட்டி ஒரு நாளில் எத்தனை நானோ விநாடி ஓடுகிறது என்று அளந்து பாருங்கள். 4, 8, 16, 32 கோர் என்று மாற்றி மாற்றிப் பத்து நிமிட ரன் போட்டால் போதும். கோர் இரட்டிப்பாகும்போது வேகம் எங்கே இரட்டிப்பாவதை நிறுத்துகிறதோ அதற்கு மேல் கேட்பது வீண். சின்னப் பெட்டிக்கு 128 கோர் கொடுத்தால் கோர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டே பொழுதைக் கழிக்கும்.

பிறகு கணக்கு. ஐந்து விட்டம், நான்கு விசை, ஒவ்வொன்றுக்கும் மூன்று தடவை: 60 ரன். ஒன்றுக்கு 20 நானோ விநாடி என்றால் 1,200. நாளுக்கு 40 ஓடும் என்றால் 30 நாள். இதை இரண்டால் பெருக்குங்கள். சமநிலைக்குக் கொண்டுவரும் ரன்கள், தப்பாகப் போட்டவை, மதிப்பாய்வாளர் புதிதாகக் கேட்பவை எல்லாம் அந்த மற்ற பாதிக்குள் போகும். வரிசையில் காத்திருக்கும் நேரம் இதில் சேரவில்லை.

பொதுச் சூப்பர் கம்ப்யூட்டர் மையங்களில் நேரம் பல இடங்களில் கட்டணமில்லாமல் கிடைக்கும், ஆனால் விண்ணப்பித்துப் போட்டியிட வேண்டும். கேட்கும் ஆவணங்கள் ஏறக்குறைய எங்கும் ஒன்றே: ஆய்வுத் திட்டம், மேலே சொன்ன கோர் சோதனையின் வரைபடம், ரன் பட்டியல், சேமிப்பிடத் தேவை. கோர் சோதனை வரைபடம் இல்லாத விண்ணப்பத்தை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு ஒதுக்கிவிடுவார்கள். ஆண்டுக்கு ஓரிரு முறைதான் அழைப்பு வரும் இடங்கள் உண்டு; தேதியைச் சேர்ந்த வாரமே குறித்துக்கொள்ளுங்கள்.

சேமிப்பிடத்தை எல்லோரும் மறப்போம். 12,500 அணுக்களின் இருப்பிடம் மட்டும் ஒரு படத்துக்கு, அதாவது ஒரு கணத்தின் பதிவுக்கு, 150 கிலோபைட். பிகோ விநாடிக்கு ஒரு படம் என்று 100 நானோ விநாடி சேமித்தால் 15 ஜிகாபைட். 60 ரன்னுக்குப் பெருக்கிப் பாருங்கள். என்ன அளக்கப்போகிறோம் என்று முன்பே தீர்மானித்து, ஓடும்போதே சராசரி எடுத்துக்கொள்வது மேல். தற்காலிக வட்டில் பழைய கோப்புகளைத் தானாகவே அழிக்கும் வழக்கம் பல கிளஸ்டர்களில் (பல கணினிகளை இணைத்த கணிப்புத் தொகுதிகளில்) உண்டு. எச்சரிக்கை மின்னஞ்சல் வரும். நீங்கள் ஊருக்குப் போயிருக்கும் வாரத்தில்தான் வரும்.

ஒரு ரன் ஓட அனுமதிக்கும் நேரத்துக்கு வரம்பு உண்டு. மறுதொடக்கக் கோப்பு எழுதும் கட்டளையைச் சேர்த்துவிட்டு, அதிலிருந்து நிஜமாகவே தொடர முடிகிறதா என்று முதல் நாளே சோதியுங்கள்.

7. கட்டுரை: காலமும் கட்டணமும்

ஆய்வாளருக்கான நிரந்தர அடையாளமான ஆர்கிட் எண் இலவசம், ஐந்து நிமிட வேலை, பதினாறு இலக்கம். நம்மவர்களின் பெயர் எழுத்துக்கூட்டலும் முன்னெழுத்தும் ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு மாதிரி வந்து கட்டுரைகள் சிதறிப்போவதற்கு இதுதான் மருந்து. முதல் கட்டுரைக்கு முன்பே பெயரை எப்படி எழுதுவது என்று முடிவுசெய்துவிடுங்கள். தந்தை பெயர் குடும்பப் பெயராகப் போய் உட்கார்ந்துகொண்டால் பிறகு இறக்குவது கடினம்.

கட்டணம்: சந்தா முறை இதழ்களில் பெரும்பாலும் எழுதுபவர் எதுவும் தர வேண்டியதில்லை. திறந்த அணுகல் இதழ்களில் ஏற்புக்குப் பின் பெரிய தொகை கேட்பார்கள். தள்ளுபடி வேண்டுமென்றால் சமர்ப்பிக்கும்போதே கேளுங்கள். ஏற்ற பிறகு கேட்டால் பெரும்பாலும் கிடைக்காது. ஒரு வாரத்தில் மதிப்பாய்வு முடித்துத் தருகிறோம் என்று மின்னஞ்சல் அனுப்பும் இதழ்களுக்குப் பதில்கூடப் போட வேண்டாம். நேர்மையான முதல் மதிப்பாய்வுக்கு இரண்டு முதல் ஐந்து மாதம், திருத்தத்துக்கு ஒன்றிரண்டு மாதம், மறுபடி ஒரு சுற்று. ஆய்வேடு சமர்ப்பிக்கும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணினால், முதல் கட்டுரை ஒரு வருடம் முன்பே போயிருக்க வேண்டும். இடையில் ஆர்க்கைவ் போன்ற முன்பதிப்புக் களஞ்சியத்தில் போடுவதற்குக் கட்டணமில்லை. முதல் முறை போடுபவருக்கு ஏற்கெனவே அங்கே எழுதுபவரின் ஒப்புதல் தேவைப்படலாம்.

இதழைப் பொறுத்து மொழி மாற வேண்டும். பயோமெக்கானிக்ஸ் இதழுக்கு அனுப்பினால் மதிப்பாய்வாளர் "இது உடலில் எங்கே?" என்று கேட்பார். பாய்ம இயற்பியல் இதழுக்கு அனுப்பினால் "பிழைக்கோடு எங்கே?" என்பார். ஒரே கட்டுரையில் இரண்டு பேரையும் திருப்திப்படுத்த முயன்று இரண்டு இடத்திலும் நிராகரிக்கப்பட்டேன். இப்போது ஒரு கட்டுரைக்கு ஒரு வாசகர்தான்.

உள்ளீட்டுக் கோப்புகள், பகுப்பாய்வு நிரல், எந்த மென்பொருள் எந்தப் பதிப்பு என்ற குறிப்பு, இவற்றைச் சேர்த்து ஜெனோடோ என்ற ஆய்வுத் தரவுக் களஞ்சியத்தில் இட்டு நிரந்தர அடையாள எண் வாங்குங்கள். இலவசம். வழக்கமான வரம்பு ஒரு பதிவுக்கு 50 ஜிகாபைட். உள்ளீடுகளுக்கு அது ஏராளம்.

8. அடுத்த வேலைக்கு

ஒப்பந்தம் முடிவதற்கு ஒரு வருடம் முன்பே விண்ணப்பிக்கத் தொடங்குங்கள். முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுப் பணி, ஆசிரியப் பணி, செயற்கை மூட்டு, வடிகட்டிச் சவ்வு, நுண்பாய்மக் கருவி செய்யும் நிறுவனங்கள் என்று பாதைகள் பிரியும். நிறுவனங்கள் மூலக்கூறு இயக்கவியல் தெரிந்தவரை நேரடியாகத் தேடுவது அரிது; நிரல் எழுதுவது, பெரிய கணிப்பு நடத்துவது, பிழை எல்லை சொல்வது ஆகியவற்றுக்காக எடுப்பார்கள். தன்விவரத்தில் அவற்றை முதல் பக்கத்துக்குக் கொண்டுவாருங்கள். ஆய்வுப் பணி என்றால், எலும்பையும் நானோ குழாயையும் ஒரே வாக்கியத்தில் கட்டும் கேள்வியை ஆய்வு நோக்கத்தின் முதல் வரியில் வையுங்கள். அந்த வாக்கியம் வரவில்லை என்றால் தேர்வுக் குழு உங்களை இரண்டு பாதி ஆட்களாகத்தான் பார்க்கும்.

பரிந்துரை தருபவருக்கு நாலு வாரம் அவகாசம் கொடுங்கள். தன்விவரம், விளம்பரம், அவர் குறிப்பிட வேண்டிய இரண்டு விஷயம் எல்லாவற்றையும் ஒரே மின்னஞ்சலில் அனுப்புங்கள்.

கிளம்பும் நாள் தெரிந்தவுடன் கிளஸ்டர் கணக்கு எந்தத் தேதியில் மூடப்படும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். மின்னஞ்சல் முகவரியும் அதோடு போகும். இதழ்களிலும் ஆர்கிட்டிலும் சொந்த முகவரியை முன்பே சேர்த்துவிடுங்கள். மதிப்பாய்வில் இருக்கும் கட்டுரையின் மறுதொடக்கக் கோப்புகளையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். "இன்னும் ஒரு விசை மதிப்பு சேர்த்துக் காட்டவும்" என்ற கடிதம் கணக்கு மூடிய மறுவாரம் வரக்கூடும். எனக்கு மூன்றாவது நாளே வந்தது.